பெயர் எழுதப்படாதவர்களையும் நினைப்போம்



நம் பங்கின் மூத்தோர் குழுவைச் சேர்ந்த 14 பேருடன் அண்மையில் பப்புவா நியூகினியின் நியூ பிரிட்டன் தீவுக்குச் சென்று திரும்பினேன். ஓய்வுக்காகவே புறப்பட்டோம். தென்னந்தோப்பும் நீலக் கடலும் எரிமலையும் காணும் ஆவலே எங்களை அழைத்துச் சென்றது. ஆனால் அந்தத் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் போர் கண்ணில் படுகிறது. அங்கே கண்டவற்றையும், அவற்றின் பின்னுள்ள வரலாற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

தீவின் வடகிழக்கு முனையில் எரிமலைகள் சூழ்ந்த துறைமுகத்தின் கரையில் இருக்கிறது ரபாவுல். 1994 செப்டம்பரில் தவுர்வுர், வல்கன் என்னும் இரு எரிமலைகளும் ஒருசேர வெடித்தபோது நகரின் பெரும்பகுதி சாம்பலுக்குள் புதைந்தது. அதன்பின் அரசு அலுவலகங்களும் வணிகமும் கொக்கோப்போவுக்கு இடம்பெயர்ந்தன. கரும்பாறைப் பொடி மூடிய தெருக்களில் இன்று புல் முளைத்திருக்கிறது. அந்த மண்ணின் கீழே இன்னொரு நகரமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஜப்பானியப் படையினர் இங்கு நிலைகொண்டிருந்தனர். நேசநாட்டு விமானங்களின் குண்டுகளுக்குத் தப்ப, அவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கங்களைக் குடைந்தனர். மலைக்குகைக்குள் இழுத்து மறைக்கப்பட்ட இரும்புப் படகுகள் இன்றும் துருவேறி அங்கேயே கிடக்கின்றன.

முதலில் பித்தா பாக்கா கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். அந்த இடத்தின் வரலாறு முதல் உலகப் போரிலேயே தொடங்குகிறது. அப்போது இத்தீவு ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. 1914 செப்டம்பர் 11 அன்று, அங்கிருந்த ஜெர்மானிய வானொலி நிலையத்தைக் கைப்பற்ற ஆஸ்திரேலியப் படையினர் வந்தனர். அந்த மோதலில் ஆஸ்திரேலியர் 6 பேர் உயிரிழந்தனர். எதிர்த்தரப்பில் மாண்டவர்களில் ஒருவர் ஜெர்மானியர். ஏனைய சுமார் 30 பேரும் அந்த மண்ணின் மைந்தர்கள், ஜெர்மானியரின் கீழ்ப் பணியாற்றிய மெலனேசியக் காவலர்கள். அந்த ஆறு பேரின் பெயர்களை ஆஸ்திரேலியா நூறாண்டுக்கும் மேலாக நினைவுகூர்ந்து வருகிறது. முப்பது பேரின் பெயர்களைக் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

1942 ஜனவரி 23 அன்று ரபாவுல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதைக் காத்து நின்ற சுமார் 1,400 ஆஸ்திரேலிய வீரர்களில் சில நூறு பேரே காட்டு வழியே தப்பினர். பிடிபட்ட படையினரும் பொதுமக்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஜூன் மாத இறுதியில் ‘மொண்டெவீடியோ மாரு’ என்னும் கப்பலில் ஏற்றினர். அதில் கைதிகள் இருப்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. ஜூலை 1 அன்று பிலிப்பைன்ஸ் கடலோரத்தில், உள்ளே இருப்பவர்கள் தம் தோழர்களே என்பதை அறியாமல், அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதைத் தாக்கி மூழ்கடித்தது. கைதிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. உறவுகளுக்குச் செய்தி கிடைத்ததோ போர் முடிந்த பின்னரே. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அத்தாய்மார் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள். கப்பலின் சிதைவு 2023 ஏப்ரலில்தான் நாலாயிரம் மீட்டருக்கும் கீழான ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 81 ஆண்டுகள்!

பித்தா பாக்காவில் வெண்கலத் தகடுகளில் பெயர்கள் வரிசையாக உள்ளன. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் அவை. எங்களுடன் வந்த ஓர் அம்மா அவற்றை விரலால் தடவியபடி நின்றார். “சுவாமி, குழி இல்லாத பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு இடம் வைப்பார்களா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் மகனைப் பற்றி நான் அறிவேன். பேருந்து புறப்படும் நேரம் கடந்தபின்னும் எவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

அங்குள்ள கல்லறைகளில் இந்தியப் பெயர்களைக் கண்டு எங்களில் பலர் வியந்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பல்லாயிரம் இந்தியப் படையினர் சிறைப்பட்டனர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் நியூ பிரிட்டனுக்கும் நியூகினிக்கும் கப்பலேற்றப்பட்டு, சுமை தூக்கவும் மண் வெட்டவும் வைக்கப்பட்டனர். பசியாலும் மலேரியாவாலும் குண்டுவீச்சாலும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 1945 செப்டம்பர் 6 அன்று ஜப்பானியத் தளபதி இமாமுரா ‘குளோரி’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் சரணடைந்தார். அதன்பின் இத்தீவில் விடுவிக்கப்பட்ட இந்தியர்கள் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுடைய கதையை எந்தப் பாடநூலிலும் நாம் படித்ததில்லை.

எங்கள் பயணத்தின் இறுதி நாளை ரக்குனாய் சிற்றூருக்கென வைத்திருந்தோம். அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் ஓர் உபதேசியார். புனித பீட்டர் தோ ரோத், 1912-இல் அவ்வூர்த் தலைவரின் மகனாகப் பிறந்தவர். 1936-இல் பவுலா இயா வார்பிட் என்பவரை மணந்தார். 1942-இல் ஜப்பானியர் மறைப்பணியாளர்களைச் சிறைவைத்தபோது, பங்குத்தந்தை தம் மக்களை அவர் கையில் ஒப்படைத்துச் சென்றார். அன்றுமுதல் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். நோயாளிகளைச் சந்தித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். செபக்கூட்டங்கள் தடைசெய்யப்பட்டபோது சிறு சிறு குழுக்களாக மறைவிடங்களில் மக்களைக் கூட்டினார்.

பின்னர் ஆட்சியாளர்கள் ஒருவன் பல மனைவியரைக் கொள்ளும் பழைய வழக்கத்தை மீண்டும் அனுமதித்தனர். தீவு மக்களைத் தம் பக்கம் ஈர்ப்பது அவர்கள் நோக்கம். தோ ரோத் வெளிப்படையாக எதிர்த்தார். திருமணம் என்னும் அருட்சாதனத்தை விட்டுக்கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1945-இல் கைது செய்யப்பட்டார். தம் நல்ல உடையையும் உபதேசியாரின் சிலுவையையும் கொண்டுவருமாறு, கருவுற்றிருந்த மனைவியிடம் கேட்டார். ஜூலை மாதம் சிறையில் நச்சு ஊசி செலுத்தி அவரைக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 33. போர் ஓய அப்போது சில வாரங்களே இருந்தன.

1995-இல் போர்ட் மோர்ஸ்பியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். 2025 அக்டோபர் 19 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்தார். அந்நாட்டின் முதல் புனிதர், குருப்பட்டம் பெறாத ஒரு குடும்பத் தலைவர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவர் கல்லறையில் செபித்தபோது என் நினைவு நம் மண்ணுக்கே சென்றது. 1658-இல் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் கைப்பற்றியபின் நம் குருக்கள் விரட்டப்பட்டனர். 1687-இல் புனித யோசேப்பு வாஸ் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, விசுவாசத்தைக் காத்தவர்கள் நம் மூப்பர்களும் குடும்பங்களுமே. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. இன்று நாம் இங்கு திருப்பலி காண்பது அவர்களால்தான்.

அன்பர்களே, அரசுகள் தமக்கு வேண்டியவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டுகின்றன. அதில் தவறில்லை. விடுபட்டவர்களை நினைக்கும் கடமை திருச்சபைக்கு உரியது. ஒவ்வொரு திருப்பலியிலும் இறந்தோர் அனைவருக்காகவும் நாம் மன்றாடுகிறோம். அந்த ‘அனைவர்’ என்னும் சொல்லுக்குள் பித்தா பாக்காவின் முப்பது காவலர்களும் இருக்கிறார்கள். ஊர் திரும்பாத இந்தியச் சிப்பாயும், கல்லறை இல்லாத நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நவம்பர் மாதம் நெருங்குகிறது. பீடத்தருகே வைக்கும் இறந்தோர் நினைவேட்டில், உங்கள் குடும்பத்தில் எங்கே எப்படி மறைந்தார்கள் என்று அறியப்படாதவர்களின் பெயர்களையும் இம்முறை எழுதித் தாருங்கள். எழுத மனம் துணியாதவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள், நானே எழுதுகிறேன். நவம்பர் 2 திருப்பலியில் ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசிப்பேன். அந்த அம்மா தம் மகனின் பெயரை முதல் வரியில் ஏற்கெனவே எழுதிவிட்டார்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.