பேய்க்கு இடம் வேண்டாமா?

குடும்பத்தைப் படுத்தி எடுக்க வேண்டுமென்றால் பேய்க்கு முதலில் ஒரு வீடு வேண்டும். பெனலபி லைவ்லி எழுதிய ‘தி கோஸ்ட் ஆஃப் தாமஸ் கெம்ப்’ (1973, கார்னகி பதக்கம் பெற்ற சிறுவர் நாவல்) அந்த விஷயத்தில் தாராளம். இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய வீடொன்றில் ஹாரிசன் குடும்பம் குடியேறுகிறது. பையன் ஜேம்ஸுக்காக மேலறையைச் செப்பனிடும்போது சுவரில் புதைந்திருந்த குப்பி உடைய, 17ஆம் நூற்றாண்டு மந்திரவாதி கெம்ப் வெளியே வந்துவிடுகிறான்.

நிதேஷ் திவாரியின் ‘பூத்நாத் ரிட்டர்ன்ஸ்’ (2014) இந்திப் படத்தில் பேய் வந்து சேரும் இடம் தாராவி. ஒரு குடும்பமே பத்துக்குப் பத்து அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் ஊரில் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளும்?

இரண்டு பேய்களும் பிடித்துக்கொள்வது பையனைத்தான். ஜேம்ஸைத் தன் சீடன் என்று உரிமை கொண்டாடும் கெம்ப், பழங்காலக் கையெழுத்தில் கட்டளைகள் எழுதிவைக்கிறான், சாமான்களை உடைக்கிறான். பழி ஜேம்ஸ் தலையில். பேய் என்று சொன்னால் வீட்டில் நம்ப ஆளில்லை. நாவலின் உயிரே இந்த நம்பாமைதான். ஜேம்ஸ் தாராவியில் ஒரு திருநெல்வேலிப் பாட்டிக்குப் பேரனாகப் பிறந்திருந்தால், முதல் தட்டு உடைந்த அன்றே நெற்றியில் திருநீறு விழுந்து கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்திருக்கும்.

அமிதாப் பச்சனின் பூத்நாத், 2008இல் வந்த முதல் படத்தில் கோவா பங்களாவுக்குக் குடிவந்த குடும்பத்தை விரட்டப் பார்த்தவர். ஒரு குழந்தையைக்கூடப் பயமுறுத்தத் தெரியவில்லையே என்று பேயுலகமே கேலி செய்ததால்தான் மறுபடி பூமிக்கு வருகிறார். தாராவிப் பையன் அக்ரோட்டும் பயப்படவில்லை, கூட்டாளியாகிவிடுகிறான். செத்தவர் தேர்தலில் நிற்கக்கூடாதென்று சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு வக்கீல் கேட்க, அரசியல்வாதி பாவுவை எதிர்த்துப் பேய் வேட்பாளராகிறது. பதுங்க வீடில்லாத பேய் தெருவுக்கு வந்துவிட்டது என்பதுதான் படத்தின் நல்ல யோசனை. ஆனால் பிற்பாதியில் அது மேடைப் பேச்சாளராகிவிடுகிறது, குறும்பு போய்விடுகிறது.

லைவ்லி பேயை நல்லவனாக்க அவசரப்படவில்லை. அண்டைவீட்டு வெரிட்டி அம்மாளைச் சூனியக்காரி என்று முடிவுகட்டி, அவர் வீட்டுக்கே தீ வைக்கிறான் கெம்ப். சிறுவர் நாவலில் இவ்வளவு தூரம் போகத் துணிந்ததால்தான், பிறகு அவனே ஓய்ந்துபோய்த் தன்னைத் தூங்கவைக்கச் சொல்லி ஜேம்ஸிடம் கேட்கும்போது நமக்குப் பாவமாக இருக்கிறது. பூத்நாத்துக்காக அப்படி இரங்கச் சந்தர்ப்பமே வரவில்லை. அவருக்கு ஓட்டு கேட்கவே நேரம் சரியாக இருக்கிறது.