நிழலுக்குப் பெயர் கிடையாது

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நுரையீரலில் நோட்யூல்' என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும் சின்ன உருண்டை நிழல், அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கு வயிற்றைப் பிசையும். 'கேன்சரா டாக்டர்?' என்றால், 'படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது' என்பார். இத்தனை பெரிய மெஷின் எதற்கு என்று கோபம் வரும். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை கேளுங்கள்.

1940களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்கக் கூட்டம் கூட்டமாக மார்பைப் படமெடுத்தார்கள். சின்ன ஃபிலிம் போதுமா, பெரிய ஃபிலிம் வேண்டுமா? 1,256 பேரை நான்கு விதமாகப் படமெடுத்து ஐந்து நிபுணர்களிடம் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தவர்களில் ஒருவர் ஜேக்கப் யெருஷால்மி என்ற புள்ளிவிவர நிபுணர். 1947-ல் முடிவு வெளியானது. ஃபிலிமுக்கு ஃபிலிம் இருந்த வித்தியாசத்தைவிட, நிபுணருக்கு நிபுணர் இருந்த வித்தியாசம்தான் அதிகம்! இன்னொரு கூத்து, அதே படத்தை மறுபடி காட்டினால் அதே நிபுணரே தீர்ப்பை மாற்றினார். ஒரே லெட்ஜரை ஐந்து ஆடிட்டர்கள் பார்த்து ஐந்து லாபம் சொன்ன மாதிரி!

சரி, மெஷினை மாற்றினால்? 1971-ல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. பிறகு நுரையீரலுக்கும் வந்தது. எக்ஸ்ரேயில் விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த புள்ளிகளெல்லாம் இதில் மாட்டின. 2002-ல் அமெரிக்காவில் அதிகமாகப் புகைபிடித்த 53,454 பேரைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பாதிப்பேருக்கு சி.டி., மீதிப்பேருக்கு எக்ஸ்ரே. 2011-ல் வந்த முடிவின்படி சி.டி. பக்கம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவிகிதம் குறைவு. பெரிய வெற்றிதான். ஆனால் 'சந்தேகம்' என்று சி.டி. கைகாட்டியதில், நூற்றுக்கு 96 புற்றுநோயே இல்லை.

கண்ணாவது தேறியதா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனுக்குள் ஒரு கொரில்லா படத்தை ஒட்டி வைத்தார்கள். சராசரி நோட்யூலைவிட 48 மடங்கு பெரிசு. புள்ளி தேடிய 24 ரேடியாலஜிஸ்டுகளில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை!

காசநோய் விட்டுப்போன தழும்பும் ஆரம்பநிலைப் புற்றுநோயும் படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். நம் ஊரில் காசநோய் அதிகம், குழப்பமும் அதிகம். சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில்கூட இரண்டுமே பளிச்சென்று எரியலாம். உறுதியாகச் சொல்ல, ஊசியால் திசு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும்.

அதுவரை டாக்டருக்குத் துணை, காலம்தான். புள்ளி வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார். 'மூன்று மாதம் கழித்து வாங்க' என்றால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள். 'ஒன்றுமில்லை போல' என்று நீங்களே முடிவுகட்டி வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். பரணில் பழைய எக்ஸ்ரே கிடந்தால் தூசு தட்டி எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்து வருடத்துக்கு முன்னாலும் அதே புள்ளி அதே அளவில் இருந்திருந்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.