தந்தியும் காந்தமும்

1961ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துச் சென்றனர். அவ்வின்னிசை கடற்பாலத்தைக் கடந்து ஜொகூரை அடைய நெடுநாள் ஆகவில்லை. அப்பத்தாண்டு முடிவதற்குள் தீவகற்பமெங்கும் மின்கித்தார்க் குழுக்கள் எழுந்தன. 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்' என்பதைச் சுருக்கி, அவற்றைக் 'கூகிரான்' என்று மலாய் மக்கள் அழைத்தனர். அக்காலப் பாடகர்களைப் பேசுவோர் உளர். அக்கித்தார்களுக்குள் கிடந்த காந்தத்தைப் பேசுவோர் அரியர்.

தந்திகளின் கீழே அமைந்த 'பிக்கப்' என்னும் உறுப்பில் காந்தமும் செம்புக் கம்பிச்சுருளும் உள்ளன. காந்தப் புலத்தில் எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அதுவே பெருக்கியில் இசையாகிறது. 1932இல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த கித்தாரில், தந்திகளை வளைத்து நின்றவை இரு பெரிய இலாடக் காந்தங்கள். அக்காலத்துக் காந்த எஃகின் வலிமை குறைவு. ஆகவே அளவு பெரிது. 1931இல் ஜப்பானிய அறிஞர் மிஷிமா கண்ட நிக்கல்-அலுமினிய எஃகிலிருந்து 'அல்நிக்கோ' வளர்ந்தது. காந்தம் சிறுத்தது.

1955இல் கிப்சன் நிறுவனத்துச் சேத் லவர், இரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை வகுத்தார். அதனடியில் இரண்டரை அங்குல நீளமுள்ள ஒரு காந்தப் பட்டை. கைக்குக் கிடைத்த அல்நிக்கோ வகைகளை, இரண்டு முதல் ஐந்து வரை, அந்நிறுவனத்தார் அக்காலத்தில் கலந்தே பயன்படுத்தினர். ஒரே ஆண்டில் பிறந்த இரு கித்தார்கள் வெவ்வேறு குரலில் பேசியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று கலைஞர் பலர் பெருமுயற்சியுடன் தேடும் அந்நாதம், பாதி தற்செயலின் கொடை என்பேன்.

கழுத்தை அடுத்த பிக்கப்பிலேதான் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். குதிரையினருகே தந்தி அடங்கி அதிரும். கழுத்தருகே அகன்று வீசும். அடிப்படைச் சுரம் அங்கே தடித்து ஒலிப்பதால் நாதம் எளிதில் மந்தமாகிவிடும். ஐந்தாம் வகைக் காந்தம் கீழொலியைப் பெருக்கி மேலொலியைக் கூர்மையாக்கும். இடையொலி சற்றே பின்வாங்கும். அதனை அகற்றி இரண்டாம் வகையை இட்டால் தொடக்கத் தாக்கு மென்மையாகும், இடையொலி முன்வரும், கீழொலியின் இறுக்கம் தளரும். கோபால்ட்டு கலவாத மூன்றாம் வகை இன்னும் அடக்கமானது.

வலிய காந்தமே நல்ல காந்தம் என்று எண்ணிவிடலாகாது. தந்திக்கு மிக அண்மையில் வைத்தால் அது தந்தியையே இழுக்கிறது, கார்வை குறைகிறது, மேல் மெட்டுகளில் தடித்த தந்திகள் பொய்ச்சுரம் காட்டுகின்றன. மேலையிசையில் இது சிறு குறை. நம் இசையிலோ கமகமும் சுருதி சுத்தமும் உயிர்நாடி. 1981இல் சென்னை மேடையேறிய மாண்டலின் சீனிவாஸ், எட்டுத் தந்திகளை ஒற்றைத் தந்திகள் ஐந்தாக மாற்றி மின்கருவியில் கருநாடக இசை வாசித்ததை எண்ணுக. ஒரு தந்தியின் கார்வையை நம்பியே அங்கு ஓர் இராகம் நிற்கிறது!

ஜொகூர் பாருவில் நண்பரொருவர், கூகிரான் நாளில் மேடையேறிய தம் கித்தாரை அண்மையில் ஒரு கடையில் கொடுத்துக் கழுத்துப் பக்கக் காந்தத்தை மாற்றுவித்தார். துருவங்களின் திசை பிறழாமல் செவ்வனே மாற்றித் தந்தனர், நாதமும் இனித்தது. ஆனால் பழைய இசைத்தட்டில் தாம் வாசித்த பாட்டை மீண்டும் வாசித்தபோது, அக்குரல் வரவில்லை. கழற்றிய காந்தத்தைக் கேட்டு மறுநாள் கடைக்குச் சென்றார். முந்திய மாலையே குப்பையோடு பெருக்கித் தள்ளியிருந்தனர்.