சுவாமி புறப்பாடும் பார்க்கிறவர்களும்

திருவிழாக் கூட்டம் என்றதும் நம் எழுத்தாளர்களின் பேனா ஒரே தடத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. கூட்டம் ஒரு கடல், அல்லது ஒரு மிருகம். அதன் நடுவே தனியனாக ஒரு ‘நான்’. கூட்டத்துக்கு முகம் கிடையாது என்பது இந்த எழுத்தின் ஆதார நம்பிக்கை. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலில் அது செல்லாது. இங்கே ஒவ்வொரு கூட்டமும், யார் எங்கே நிற்கலாம் என்ற ஒரு பழைய வியாஜ்யத்தின் மிச்சம்.

1879 டிசம்பர், ஆருத்ரா தரிசனம். திருச்சுழி திருமேனிநாதர் கோயிலிலிருந்து புறப்பட்ட நடராஜர் வீதி சுற்றி நடுநிசி கடந்து திரும்பிக்கொண்டிருந்த வேளையில், 30ந் தேதி பின்னிரவு ஒரு மணி சுமாருக்கு, சுந்தரமய்யர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் ரமண மகரிஷி. ஜீவிய சரித்திரங்கள் இந்தப் பொருத்தத்தை விடாமல் சொல்கின்றன. சுவாமிக்குப் பின்னால் வந்த ஜனங்கள் அவற்றில் வெறும் படுதா. யார் வந்தார்கள், யார் எந்தத் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள் என்று கேட்கத் தோன்றியதில்லை. பக்தி இலக்கியத்துக்கு அது அநாவசியமாக இருக்கலாம். சரித்திரத்துக்கு அதுதான் முதல் கேள்வி.

திருச்சுழியைத் தொட்டுப் போகிற குண்டாறுதான் கமுதிக்கும் போகிறது. இரண்டு ஊர்க் கோயில்களும் ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தவை. 1897 மே மாதத்தில் ஓர் இரவு, கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து தாங்களே வழிபாடு நடத்தினார்கள். பரம்பரைத் தர்மகர்த்தாவான பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். அதே வருஷம் ஜனவரியில், சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் இறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களோடு ஜனமாக அவருடைய வண்டியை இழுத்தவர் இதே சேதுபதி. பாசாங்கு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படிப் படவில்லை. வடத்தை யார் தொடலாம் என்று தீர்மானிக்கிறவன், தான் விரும்பும் நாளில் வடம் பிடிக்கவும் செய்வான். இரண்டும் ஒரே அதிகாரத்தின் காரியங்கள்.

1899ல் மதுரை சப்-கோர்ட், 1901ல் சென்னை ஹைகோர்ட், 1908ல் லண்டன் பிரிவி கௌன்ஸில். மூன்றிலும் நாடார்கள் தோற்றார்கள். அந்த 1899லேயே, ஜூன் 6ந் தேதி, சிவகாசி தாக்கப்பட்டு நாடார் வீடுகள் எரிந்தன. வழக்கின் முதுகெலும்பு ‘மாமூல்’. மாமூல் எப்படி நிரூபணமாகும்? பார்த்தவர்கள் சொல்லித்தான். ஒவ்வொரு வருஷமும் விழாவில் ஒருவன் நின்ற இடம், கடைப் பேரேட்டில் பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது போல, அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகப்படுகிறது. வேடிக்கை பார்ப்பவன் அறியாமலே சாட்சியாகிறான்.

வினோதம் என்னவென்றால், சேலம் கலவரத்துக்குப் பிறகு, 1883ல், இதே ஹைகோர்ட் பொதுத்தெரு எல்லா மதப் பிரிவினரின் ஊர்வலத்துக்கும் பொது என்று சொல்லியிருந்தது, மற்றவர்களின் போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக, தெரு திறந்தது, கோயில் மூடியது. சுவாமி தெருவுக்கு வந்துவிட்டால்? உள்ளே வர முடியாதவர்களுக்காகத்தான் சுவாமி வெளியே வருகிறார் என்று உபன்யாசங்களில் உருகுவார்கள். அழகான வியாக்கியானம். ஆனால் அந்தக் கருணைக்கு மதில் தேவைப்படுகிறது. மதில் இல்லாவிட்டால் அதற்கு வேலையில்லை.

நாடார் வியாபாரிகள் தீர்ப்புகளுக்காகக் காத்திருக்கவில்லை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் உறவின்முறை சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தது. அந்தப் பணத்தில் பேட்டை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அம்மன் கோயில் வந்தது. தனக்கென்று ஒரு திருவிழாவும் வந்தது. அருப்புக்கோட்டைப் பங்குனிப் பொங்கலில் இதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். தகிக்கிற தார் ரோட்டில் தீச்சட்டியோடு ஒருத்தி வருகிறாள். திண்ணைகள் போய் ஷட்டர்கள் வந்துவிட்ட தெருவில் நீர்மோர் ஊற்றுகிறார்கள். வழி விலக்குகிற பையன்களின் அதட்டலில் சொந்த வீட்டு விசேஷத்தின் தோரணை. ஒதுங்கி நின்று பார்த்தவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள் என்று தெரியாதவனுக்கு இது வெறும் கூட்டம்தான்.

ஆனால் சொந்தமாகிவிட்ட தெருவுக்கும் ஓரம் உண்டு. அந்த ஓரத்தில் வேறு சிலர் நிற்கிறார்கள். 1939 ஜூலை 8ந் தேதி வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்ற ஆறு பேரில் ஐந்து பேர் தாழ்த்தப்பட்டவர்கள், ஒருவர் நாடார். அன்று இரண்டு வழக்குகளும் ஒரே வாசல் வழியாக உள்ளே போயின. வெளியே வந்தபின் பாதைகள் பிரிந்தன. ஒன்று வெகுதூரம் போய்விட்டது. மற்றது 1990களின் கடைசியில் சிவகங்கைச் சீமையில் கண்டதேவிக் கோயிலின் தேர்வடத்தில் வந்து முட்டியது: தலித்துகள் வடம் தொடலாமா? பிரிவி கௌன்ஸில் இல்லை, நம் ஹைகோர்ட்தான். தொடலாம் என்று உத்தரவாயிற்று. தேர் பல வருஷம் நிலையிலேயே நின்றது.