ஹென்றி லாரன்ஸ் (1724–1792)

தென் கரோலினாவின் வணிகர், பெரும் பண்ணையார், அமெரிக்கக் கண்டக் காங்கிரஸின் தலைவர், விடுதலைப் போரின் முடிவில் பிரிட்டனோடு சமாதானம் பேசிய நான்கு தூதர்களில் ஒருவர். 1750களில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமை வணிக நிறுவனங்களுள் ஒன்றை நடத்தியவரும் இவரே. இளமையில் மனிதர்களை விற்றுப் பொருள் சேர்த்தவர், பிறகு மனம் மாறி அடிமைமுறையை வெறுத்தார் என்பதே இவரைப் பற்றிப் பலகாலம் சொல்லப்பட்டு வந்த கதை. அந்தக் கதைக்கு அவருடைய கடிதங்களில் சான்று உண்டு. ஆனால் கடிதங்களோடு வணிகக் கணக்கையும் அரசியல் ஆவணங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொரு வாழ்க்கை தெரிகிறது. லாரன்ஸ் கைவிட்டது அடிமை விற்பனையை மட்டுமே. மனிதரை உடைமையாக வைத்திருக்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை; பொதுவாழ்வில் அவர் செய்த கடைசிப் பெரிய காரியம் அந்த உரிமையை ஒரு சர்வதேச உடன்படிக்கைக்குள் எழுதி வைத்ததுதான்.

பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் மரபினரின் குடும்பத்தில், சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்து விற்றுச் செல்வரானவர். லண்டனில் வணிகம் பயின்று திரும்பிய மகன், ஜார்ஜ் ஆஸ்டினோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் 1750களில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் விற்பனையைக் கையாண்டது. இவர்கள் பெரும்பாலும் கப்பல் முதலாளிகள் அல்லர், தரகர்கள். லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல் முதலாளிகள் அனுப்பும் கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் விளம்பரம் செய்து, பண்ணையார்களுக்குக் கடனுக்கு விற்று, வசூலுக்குத் தாங்களே பொறுப்பேற்று, வருவாயை அரிசியாகவும் அவுரியாகவும் உண்டியலாகவும் திருப்பி அனுப்புவார்கள். தரகு சுமார் 10 விழுக்காடு. கடலில் கப்பல் மூழ்கினாலும், வழியில் பாதிப்பேர் இறந்தாலும் அந்த நட்டம் தரகர் தலையில் விழாது. இந்தத் தொழிலில் லாரன்ஸ் அவ்வளவு விரைவாகச் செல்வரானதற்கு இதுவே காரணம். சியெரா லியோன் ஆற்று முகத்துவாரத்திலுள்ள பன்ஸ் தீவின் கோட்டையை 1748இல் வாங்கிய லண்டன் வணிகர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட், அவருடைய முக்கிய வாடிக்கையாளர்களுள் ஒருவரானார். நெல் விளையும் அந்தக் கரையோரத்து மக்களைக் கரோலினாவின் நெற்பண்ணைகள் விரும்பி வாங்கின.

எண்ணிக்கைக்குள் மறைந்துபோனவர்களில் ஒருத்தியின் தடம் மட்டும் தெளிவாகக் கிடைக்கிறது. 1756இல் ரோட் தீவைச் சேர்ந்த ஹேர் என்னும் கப்பல் சியெரா லியோனிலிருந்து கொண்டுவந்தவர்களை ஆஸ்டின்–லாரன்ஸ் நிறுவனம் விற்றது. அவர்களில் சுமார் 10 வயதுச் சிறுமி ஒருத்தியை லாரன்ஸின் மனைவி எலினாரின் குடும்பத்தைச் சேர்ந்த எலியாஸ் பால் வாங்கி, பிரிசில்லா என்று பெயரிட்டார். 1811இல் இறக்கும்வரை அவள் அடிமையாகவே வாழ்ந்தாள். கப்பலின் ஆவணங்களும் பால் குடும்பத்துப் பதிவேடுகளும் தப்பிப் பிழைத்ததால், அவளுடைய வழித்தோன்றல்களை இன்றுவரை தொடர முடிகிறது. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கணக்கில் எண்களாகவே நின்றுவிட்டார்கள்.

1762இல் கூட்டு கலைந்தது. அதன்பின் லாரன்ஸ் அடிமை வணிகத்திலிருந்து படிப்படியாக ஒதுங்கினார். கப்பல்களில் நடந்த கொடுமைகளே காரணம் என்று பின்னாளில் எழுதினார்; துணைக்குக் கூட்டாளி இல்லாததையும் சொன்னார். இதை மனமாற்றத்தின் தொடக்கமாகக் கொள்வோர் உண்டு. கொடுமையைக் கண்டு அவர் வருந்தியிருக்கலாம் என்பதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் கூட்டு கலைந்த அதே ஆண்டில்தான் கூப்பர் ஆற்றங்கரையில் மெப்கின் பண்ணையை வாங்கினார். தொடர்ந்து ஜார்ஜியாவிலும் நிலம் சேர்த்தார். விற்பவராக இருந்தவர் வாங்கி வைத்திருப்பவரானார். வருவாயின் ஊற்று மாறவில்லை.

மனமாற்றக் கதையின் முக்கியச் சான்று 1776 ஆகஸ்ட் 14 அன்று மகன் ஜானுக்கு எழுதிய கடிதம். அடிமைமுறையை வெறுப்பதாக அதில் நேராகவே சொல்கிறார். பழியை ஆங்கில அரசர்கள் மீதும் நாடாளுமன்றத்தின் மீதும் வைக்கிறார்; தம் அடிமைகளை விற்றால் 20,000 பவுன் கிடைக்கும் என்று கணக்கிடுகிறார்; பலரை விடுவிக்க வழி தேடுவதாகவும், சட்டமும் வழக்கமும் தடுப்பதாகவும், இத்தனை சொத்தைப் பறித்தால் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்றும் எழுதுகிறார். இதற்கு ஓராண்டு முன்பு, அவர் தென் கரோலினாவின் பாதுகாப்புக் குழுத் தலைவராக இருந்தபோது, தாமஸ் ஜெரமையா என்னும் சுதந்திரக் கறுப்பின மாலுமி, கிளர்ச்சிக்குத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். சான்று போதாது என்று பிரிட்டிஷ் ஆளுநரே வாதாடினார். லாரன்ஸ் குற்றம் உண்மை என்றே நம்பினார். கடிதத்தின் வருத்தம் பொய்யல்ல. ஆனால் அது செயலாகவில்லை. இறுதிவரை அவர் விடுவித்தது மிகச் சிலரை மட்டுமே.

அவர் அக்காலத்து மனிதர், அக்காலத்து அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியாவின் குவேக்கர்கள் 1776இல் அடிமை வைத்திருப்போரைத் தங்கள் சபையிலிருந்து விலக்கினார்கள். பென்சில்வேனியா 1780இல் படிப்படியான விடுதலைச் சட்டம் இயற்றியது. வீட்டுக்குள்ளேயே ஜான் இருந்தான்: அடிமைகளை விடுவித்து 3,000 பேர் கொண்ட படை திரட்டலாம் என்றான். 1779இல் காங்கிரஸ் அதைப் பரிந்துரைத்தது. தந்தையும் ஆதரித்தார், இது அவருக்குப் பெருமை. தென் கரோலினாச் சட்டமன்றம் மறுத்துவிட்டது. 1782 ஆகஸ்டில் கம்பாஹி ஆற்றருகே நடந்த சிறு மோதலில் ஜான் கொல்லப்பட்டான்.

லாரன்ஸ் 1777 நவம்பர் முதல் 1778 டிசம்பர் வரை காங்கிரஸின் தலைவர். கூட்டாட்சி விதிகள் அவருடைய தலைமையின்கீழ்தான் நிறைவேறின. 1780இல் நெதர்லாந்துக்குத் தூதராகச் சென்றபோது நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பிரிட்டிஷார் பிடித்தார்கள். அவரிடம் கிடைத்த உடன்படிக்கை வரைவு, பிரிட்டன் டச்சுக்காரர் மீது போர் அறிவிக்கக் காரணமாயிற்று. லண்டன் கோபுரத்தில் ஓராண்டுக்கு மேல் சிறை. 1781 டிசம்பர் 31 அன்று பிணையில் விடுதலையானார். அந்தப் பிணைக்கு முன்னின்றவர் பன்ஸ் தீவின் ஆஸ்வால்ட். யார்க்டவுனில் சரணடைந்திருந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸுக்கு ஈடாகப் பின்னர் அவர் மாற்றிக்கொள்ளப்பட்டார். திப்பு சுல்தானோடு போரிட்டவராக நாம் அறிந்த அதே கார்ன்வாலிஸ்தான்.

பாரிஸில் நடந்த சமாதானப் பேச்சில் பிரிட்டன் தரப்பில் பேசியவரும் ஆஸ்வால்டே. ஃபிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், ஜான் ஜே மூவரும் பேசி முடித்திருந்த நிலையில், கையொப்பத்துக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தார் லாரன்ஸ். ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: பின்வாங்கும் பிரிட்டிஷ் படை கறுப்பினத்தவரையோ அமெரிக்கரின் வேறு உடைமைகளையோ எடுத்துச் செல்லக் கூடாது. ஆஸ்வால்ட் உடனே இசைந்தார். 1782 நவம்பர் 30 அன்று அது ஏழாம் பிரிவில் இடம்பெற்றது. மாநிலத்தின் நலனைத்தான் அவர் பேசினார், மற்ற தூதர்களும் ஏற்றார்களே என்று கேட்கலாம். ஏற்றார்கள், அவர்களும் பொறுப்பாளிகள்தான். ஆயினும் பேச்சின் கடைசி நேரத்தில், வேறு எதையும் கேட்காமல் இதை மட்டும் கேட்டவர் அடிமைமுறையை வெறுப்பதாக எழுதிய அதே மனிதர். மகன் இறந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பிரிவு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. போரில் பிரிட்டிஷ் பக்கம் தப்பி ஓடியவர்கள் உடன்படிக்கைக்கு முன்பே சுதந்திரம் பெற்றவர்கள் என்று பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன் வாதிட்டு, வாஷிங்டன் நேரில் கேட்டும் ஒப்படைக்க மறுத்தார். நியூயார்க்கிலிருந்து சுமார் 3,000 பேர் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டு நோவா ஸ்கோஷியா சென்றார்கள். லாரன்ஸ் 1792 டிசம்பர் 8 அன்று மெப்கினில் இறந்தார். அவ்வாண்டு மார்ச்சில், நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேறிய சுமார் 1,200 பேர், பன்ஸ் தீவு இருக்கும் அதே முகத்துவாரத்தில் ஃபிரீடவுன் நகரை நிறுவியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் கிசெல் அந்தப் பகுதியில் பிறந்து, பிடிபட்டு, சார்ல்ஸ்டனில் விற்கப்பட்டவர். திரும்பி வந்தபின் அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடினார்.