இருளுக்குப் பழகும் கண்கள்: ஒரு வரலாறு

வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் சென்ற கண், மங்கலான பொருள்களைக் காணும் திறனைப் படிப்படியாகப் பெறுவது இருள் தகவமைவு எனப்படும். இதன் காரணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் விளங்கத் தொடங்கியது. ஆனால் இரவு வானை ஆராய்ந்தவர்கள் அதற்கு முன்பே இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல். யுரேனசைக் கண்டுபிடித்த இவர், 1783 முதல் மங்கலான நெபுலாக்களைத் தேடினார். வெளிச்சத்தில் இருந்துவிட்டு வந்தால், கண் தெளிய ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆவதை அவர் கவனித்தார். பொலிவான விண்மீன் தொலைநோக்கியின் பார்வைப் புலத்தை நெருங்கும்போது கண்ணை விலக்கிக்கொள்வார். வேற்றொளி படாதிருக்கத் தலையில் கருப்புத் துணியைப் போர்த்திக்கொள்வார். அவர் உரக்கச் சொல்வதை, தங்கை கரோலின் வீட்டிற்குள் விளக்கொளியில் எழுதிக்கொள்வார். குறிப்பெழுத அண்ணன் விளக்கின் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. இவ்வாறு சுமார் 2,500 நெபுலாக்களும் விண்மீன் கொத்துகளும் பட்டியலிடப்பட்டன.

1865இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஔபர்ட் இருளில் கண்ணின் உணர்திறன் உயர்வதை அளந்து வெளியிட்டார். மறு ஆண்டு மாக்ஸ் ஷூல்ட்ஸ், விழித்திரையின் கூம்பு செல்கள் பகல் பார்வைக்கும் குச்சி செல்கள் இரவுப் பார்வைக்கும் உரியவை என விளக்கினார். 1876இல் ஃபிரான்ஸ் போல், தவளையின் விழித்திரையிலுள்ள செந்நிறம் ஒளியில் வெளிறி, இருளில் மீள்வதைக் கண்டார். அந்த நிறமியே இன்று ரோடாப்சின் எனப்படுகிறது. 1933இல் ஜார்ஜ் வால்டு விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டறிந்தார். ரோடாப்சின் உருவாக இது தேவை. குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். பார்வை குறித்த ஆய்வுகளுக்காக 1967இல் வால்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹெர்ஷல் காத்திருந்ததன் காரணம் இதனால் புலனாயிற்று. கண்பாவை சில நொடிகளில் விரிந்துவிடும். கூம்பு செல்கள் சுமார் 10 நிமிடங்களில் தம் எல்லையை எட்டும். குச்சி செல்களில் ரோடாப்சின் நிறைய 30 முதல் 40 நிமிடங்கள் வரை ஆகும். விழித்திரையின் நடுவில் குச்சி செல்கள் இல்லாததால், மங்கலான விண்மீனைச் சற்றே பக்கவாட்டில் நோக்கினால் தெரியும். அடர் சிவப்பு ஒளி அச்செல்களை அதிகம் பாதிப்பதில்லை. வான்நோக்கர்கள் சிவப்பு விளக்கு வைத்திருப்பது அதனால்தான்.

ஒரு வெள்ளை விளக்கை நோக்கினாலே இந்தக் காத்திருப்பு வீணாகிவிடும். 2016இல் வெளியான ஒளி மாசு உலக வரைபடத்தின்படி, மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தம் இருப்பிடத்திலிருந்து பால்வழியைக் காண இயலாது. இருளுக்குப் பழகும் ஆற்றல் கண்ணிடம் அப்படியே இருக்கிறது. பழகுவதற்கான இருள்தான் குறைந்துவருகிறது.