காப்புக் கட்டு

சேலம், நாமக்கல் சமவெளிகளில் மார்கழியின் கடைசி நாளான போகியன்று நடக்கும் அறுவடைக்காலச் சடங்கு. வேப்பிலை, ஆவாரம்பூ, வெண்கதிர்களாய்ப் பூக்கும் பூளைப்பூ மூன்றையும் கொத்தாக்கி வீட்டு எரவாணத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் செருகுவார்கள். காடு எனப்படும் விளைநிலத்தின் மூலைகளிலும் கட்டுவார்கள். கெட்டது அண்டாது என்பது நம்பிக்கை.

மூன்றும் மூலிகை, ஆகவே இது நோய்த்தடுப்பே என்று இன்று பலர் விளக்குகிறார்கள். அதை முழுக்க ஏற்பதற்கில்லை. பூளை எனப்படும் சிறுபீளை சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குக் குடிநீராகக் காய்ச்சித் தரப்படுவது. கூரையில் செருகினால் அந்தப் பயன் கிடைக்காது. ஆள் குடியிராத காட்டு மூலையில் கட்டுவதற்கும் மருத்துவத்தில் காரணமில்லை. கொத்து போகும் இடங்களைப் பார்த்தால், பருவம் மாறும் நாளில் விளைச்சலுக்கும் மாட்டுக்கும் இடும் எல்லைக்காவல் என்பதே பொருந்துகிறது. இதேபோல் அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் சௌவின் (Samhain) என்னும் திருநாளில், அக்டோபர் 31 இரவு, மாய இனத்தார் வெளியே உலவுவார்கள் என நம்பி வீட்டுக்கும் கொட்டிலுக்கும் காப்பிட்டார்கள். இதைக்கொண்டு இரண்டுக்கும் ஒரே மூலம் தேடுவது வீண். தானியமும் மாடுமே சொத்தாக இருந்த உழவருக்கு அவற்றை இழக்கும் அச்சம் எங்கும் ஒன்றுதான். ஆனால் பருவம் வேறு: சௌவின் இருண்ட பாதியாண்டைத் திறக்கிறது. காப்புக் கட்டோ தைப் பிறப்புக்கு முந்தியது.